இலை போட்டதும் நின்றுவிடும் பெட்டி

மார்ச் 3, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்தது. கல்லில் தோசை பாதி வெந்துகொண்டிருந்தபோது. சிலிண்டரை மாற்றி, தமயந்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு நான் ஆபீஸ் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அதற்குள் கேசவமூர்த்தி சார் என் மேஜைக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டாராம். மனிதர் டைரக்டர் ஆன பிறகும் நடந்தே வந்து வேலை சொல்வார். அது ஒன்றுதான் மாறவில்லை.

விஷயம் இது. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் கம்பெனி வைஃபை பெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மூன்று கல்யாணங்களில், நல்ல கூட்டத்தில், மேடைக்குப் பக்கத்துப் பெட்டி செத்து விழுந்து, தானாகவே மறுபடி எழுந்திருக்கிறது. மூன்று தரமும் பதிவாகியிருக்கும் காரணம் ஒன்றுதான்: மெமரி தீர்ந்துவிட்டது. பெட்டிக்குள் வைஃபையை ஓட்டும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். கூட்டம் கூடும்போது அது எங்கேயோ மெமரியை வாங்கி வாங்கிப் பதுக்கிக்கொள்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பெட்டியை எங்கள் கண் முன்னால் விழவைக்க வேண்டும். அதுதான் என் வேலை. பதினான்கு வருஷமாக என் பிழைப்பே நன்றாக ஓடும் பெட்டிகளை விழவைப்பதுதான்.

கெடு 28ஆம் தேதி. ஏப்ரலில் இதே டிரைவரோடு புது மாடல் வெளியே போகிறது. அதற்குள் விழவைத்துக் காட்டினால் நிறுத்தி வைப்பார்கள். இல்லாவிட்டால் 'நிகழ்த்திக் காட்ட முடியவில்லை' என்று எழுதி நான் புகாரை மூட வேண்டும்.

டிரைவரை எழுதியவர் இருதயராஜ். நான் ராஜண்ணே என்று கூப்பிடுவேன். பாளையங்கோட்டைக்காரர். 2014 கடைசியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

லேபில் பெட்டியோடு நூற்றிருபது போன், எட்டு மணி நேரம். விழவில்லை. வீட்டில் மாவு புளித்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

மண்டபத்து மேனேஜர் சௌந்தரபாண்டியோடு போனில் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"ஏம்மா, தாலி கட்டுற வரைக்கும் கிண்ணுனு ஓடுது. மேளம், போட்டோ, வீடியோ, அம்புட்டுக்கும் தாங்குது. கீழ எலையைப் போட்டோம்னா நின்னுருது. பொண்ணு வீட்டுக்காரவுக என்னையத்தான் பிடிச்சு ஏசுறாக."

"ஜெனரேட்டர் ஓடுதா சார் அந்த நேரம்? கரண்டு ஏறி இறங்குதா?"

"கரண்டெல்லாம் நல்லாருக்கு. நான் சொல்றத நீங்க கேக்கலையே."

கேட்டேன், எழுதியும் வைத்தேன். அடுப்புக்கூடத்தில் கிரைண்டர், மோட்டார் என்று ஏதாவது ஓடி அலையைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்குக் கேன்டீன் கிரைண்டரை லேபுக்குத் தூக்கி வரச் சொல்லியிருக்கிறேன். கேன்டீன்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மார்ச் 7, வெள்ளி

கிரைண்டரோடு ஆறு மணி நேரம். விழவில்லை. சட்னி நன்றாக வந்தது.

மார்ச் 8, சனி

இன்று லீவு. வெந்தயம் ஊறப் போட்டேன். தமயந்திக்குத் தலைக்கு ஊற்றினேன். மஸ்கட்டிலிருந்து என் அண்ணன் பேசினான். திண்டுக்கல் கதையைச் சொன்னதும் சிரிக்கிறான்.

"உன் கல்யாணத்துல விழுந்த அதே பெட்டியா?"

அதேதான். அதே பெட்டி இல்லை, அதே டிரைவர். அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்கு என் கல்யாண நினைப்பாகவே இருந்தது.

2014 ஆவணி, கோவில்பட்டி. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் லேபில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு ராஜண்ணன்தான் சொன்னார், "அவன் மஸ்கட்லயே இருந்து பாக்கட்டும், நான் காட்டுதேன்" என்று. அப்போதுதான் முதல் பெட்டி தயாராகியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். முகூர்த்தத்தன்று காலை ஐந்து மணிக்கே மேடை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். நான் அலங்காரத்தோடு வந்தபோது பெட்டியின் பச்சை விளக்கைக் காட்டி ஒரு தலையாட்டல். மாப்பிள்ளையைக்கூட நான் அப்புறம்தான் பார்த்தேன்.

பத்தே முக்காலுக்கு விளக்கு அணைந்தது. எழுந்தது, மறுபடி அணைந்தது. தாலி கட்டியது பதினொன்றுக்கு. அண்ணன் அங்கே ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

கல்யாணம் முடிந்து அம்மாவுக்கு இரண்டே குறை. ஒன்று, மாப்பிள்ளை வீட்டு பஸ் ஆட்கள் விடியக் கிளம்பிய பசியில், தாலி கட்டுமுன்பே மாடியில் முதல் பந்திக்கு உட்கார்ந்துவிட்டார்கள் என்பது. இந்தக் குறையை என் வீட்டுக்காரர் ராமலிங்கத்திடம் இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறாள். இரண்டாவது குறை ராஜண்ணனைப் பற்றி. "பெட்டியக் கட்டிக்கிட்டே கெடந்துட்டு, அந்தத் தம்பி கை நனைக்காமப் போயிருச்சே." உண்மைதான். மூன்று மணி பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு போனார். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் ஒருவர் போனால் அது சும்மா விஷயம் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பழைய போன்கள் வேண்டியிருந்தன. ஸ்டோர் ரூமில் தேடியபோது 2014 லேபின் அட்டைப்பெட்டி கிடைத்தது. நாற்பது போன். ஒவ்வொன்றின் முதுகிலும் ராஜண்ணனின் கையெழுத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டு அப்படியே இருக்கிறது.

எண் போட்டால் எனக்கு மறந்துவிடும் என்று அவர் உறவுப் பெயர் வைத்தார். 'பெரியத்தை' ஓயாமல் பேசும். 'சித்தப்பா' பாதியில் உறைந்து நிற்பார், தட்டினால்தான் அசைவார். 'மாப்பிள்ளை' ஒன்றுமில்லாததற்குக் கோபித்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிடும். "செண்பா, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரு, போய் சமாதானம் பண்ணு" என்று அவர் லேபின் அந்தக் கோடியிலிருந்து கத்துவதும், புதிதாகச் சேர்ந்தவர்கள் மிரண்டு பார்ப்பதும் தினப்படி நடக்கும். நாலு மணிக்கு எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். பன்னில் அவருக்குப் பெரிய பாதி. எழுதும் டிரைவரைப் பற்றி, அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி, இன்றைக்கு என்ன சேட்டை செய்தது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அந்த நாட்கள் மாதிரி எனக்கு அப்புறம் அமையவில்லை. இப்போது லேபில் குளிர்சாதனம் இருக்கிறது, நூற்றிருபது போன் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எண்தான். யாரும் முறுக்கிக்கொள்வதில்லை.

பெரியத்தையைச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது.

மார்ச் 12, புதன்

நூற்றறுபது போன். விழவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கேசவமூர்த்தி சார் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாருங்க செண்பா, அந்த மண்டபத்துல வயரிங் சரியில்லாம இருக்கும்ங்க. நாம இத்தனை நாள் போட்டு அடிச்சும் விழலைன்னா, பெட்டி மேல தப்பில்லீங்க. மூடிருங்க. நல்ல பெட்டியைச் சந்தேகப்பட்டா நமக்குத்தான் சிரமம்ங்க."

"இருபத்தெட்டு வரைக்கும் இருக்குல்ல சார்?"

"இருக்குங்க. அன்னைக்கும் இதையேதான் எழுதப் போறீங்க."

'அன்னைக்கும்' என்று அவர் சொன்னது வரும் 28ஐத்தான். எனக்கு வேறு ஒரு நாள் ஞாபகம் வந்தது. மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 15, சனி

பரணில் ஏறி 2014 டைரியை எடுத்தேன். இங்கே 3ஆம் தேதி நான் எழுதிய ஒரு வரி சரியில்லை. ராஜண்ணனுக்கு வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காமலேதான் போனார்.

என் கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை அவர் பெட்டியின் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு வந்தார். "மெமரி தீருது செண்பா. எங்கயோ சேருது. எங்கன்னு எனக்கே பிடிபடல. கண்டுபிடிக்காம வெளிய விடக்கூடாது." பத்தொன்பது நாள் நானும் அவரும் நாற்பது போனை வைத்து முட்டி மோதினோம். விழவில்லை. அக்டோபரில் மீட்டிங். ராஜண்ணன் தன் டிரைவரில் உள்ள ஓட்டையை மறைக்க நாள் கேட்கிறார் என்று சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள். கேசவமூர்த்தி சார் அப்போது டீம் லீடர். என்னைப் பார்த்துக் கேட்டார், "லேப்ல விழுந்துச்சாங்க?"

"விழலைங்க சார்" என்றேன்.

உண்மைதானே என்று பதினொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் கல்யாண மேடையில், நான் பார்க்க, இரண்டு தரம் விழுந்தது என்பதும் உண்மை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்துகிறாள் என்று பெயர் வருமோ என்று பயந்தேன். ராஜண்ணன் என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் புகாரை மூடினேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. டிசம்பரில் ராஜினாமா செய்தார். கடைசி நாள் என் மேஜைக்கு வந்து, "விழும் செண்பா. என்னைக்காச்சும் உன் முன்னாலயே விழும். அன்னைக்கு எனக்குச் சொல்லு" என்றார். சண்டைக்காரர் மாதிரி சொல்லவில்லை. பேக்கரிக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

இன்னொரு தரம் அதே வார்த்தையை எழுதி மூட என்னால் முடியாது. இதை இங்கே எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது. நாளை திண்டுக்கல்லில் முகூர்த்தம். போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

"கூப்பிடாத கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையா?" என்று ராமலிங்கம் கேலி செய்தார். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்றும் நினைத்து ஆளுக்கொரு தரம் பன்னீர் தெளித்தார்கள்.

மேடை ஓரமாக, பெட்டிக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் யார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. மடியில் லேப்டாப்பில் மெமரிக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டும்போது இருநூறு கை போனோடு உயர்ந்தது. கோடு அசையவே இல்லை. கெட்டிக்காரப் பெட்டி.

பிறகு கூட்டம் கலைந்தது. கலையக் கலைய மெமரி குறைய ஆரம்பித்தது. எனக்குப் புரியவில்லை. கூட்டம் கூடினால்தானே திணற வேண்டும்? மண்டபம் பாதி காலி. பெட்டி மூச்சு வாங்குகிறது. பதினொன்று இருபதுக்கு விழுந்தது. பச்சை விளக்கு அணைந்தது, அன்றைக்குப் போலவே.

சௌந்தரபாண்டி வந்து நின்றார். நேரில் பார்க்கப் பெரிய மீசை, சின்ன ஆள்.

"சொன்னேன்ல? எலை போட்டாச்சு, நின்னுருச்சு. சரி, வாங்க, சாப்பிடுவீங்க."

"இல்ல சார், மறுபடி விழுதான்னு நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

"கை நனைக்காமப் போனா எனக்குக் கோவம் வரும். எந்திரிங்கம்மா."

சாப்பாட்டுக்கூடம் தரைக்குக் கீழே. இறங்கி உட்கார்ந்தேன். இலையில் பரிமாறினார்கள். சாம்பார் பிசைந்த பிறகு, மேலே என்ன ஆயிற்றோ என்று போனைப் பார்க்க நினைத்தேன். வலது கை சாப்பாட்டில். இடது கையைப் பையில் விட்டுத் துழாவி எடுத்துப் பார்த்தால் சிக்னல் ஒரே ஒரு கோடு, அதுவும் வருகிறது, போகிறது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாக நூற்றைம்பது பேர். சட்டைப் பையில் போன், இடுப்பில் போன், கைப்பையில் போன். யார் கையிலும் போன் இல்லை. எல்லார் கையிலும் சோறு.

எனக்கு அழுகை வந்தது. பக்கத்து இலைக்கார அம்மா, ஊறுகாய் காரமா என்று கேட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கையில் இல்லாத போன் தூங்கிவிடும். தூங்குமுன் பெட்டியிடம், எனக்கு வருவதை எடுத்து வை என்று சொல்லும். பெட்டி எடுத்து வைக்கும். போன் எழுந்து கேட்டால் கொடுத்துவிடும். ஆள் ஒரேயடியாகப் போய்விட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடும். பந்தியில் இருப்பவன் இரண்டும் கெட்டான். அவன் போனிலிருந்து, இருக்கிறேன் என்று ஒரு சின்ன முனகல் மட்டும் மேலே போய்ச் சேர்கிறது. பெட்டி அனுப்பும் பெரிய போட்டோக்கள் அவனிடம் வந்து சேர்வதில்லை. முனகல் கேட்கும்போதெல்லாம் பெட்டி தன் கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறது. தாலி கட்டிய போட்டோவை ஐம்பது பேர் குடும்பக் குழுவில் போடும் நேரமும் அதுதான். நூற்றைம்பது பேருக்கும் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, மெமரி தீர்ந்து விழுகிறது.

லேபில் எங்கள் போன்கள் சாப்பிடப் போவதில்லை. திரை அணையக் கூடாது என்று அமைத்து, நாள் முழுக்க விழித்திருக்கவைத்து அடிக்கிறோம். கோவில்பட்டியிலும், மேடையில் எடுத்த போட்டோக்கள் பறந்துகொண்டிருக்க, மாடியில் பந்தி நடந்தபோதுதான் விழுந்தது. பஸ் ஆட்கள் முன்னாலேயே உட்கார்ந்ததைப் பதினொரு வருஷமாக அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ராஜண்ணன் பசியோடு பெட்டியை விட்டு நகராமல் காவல் இருந்தார். ஒரு வாய் சாப்பிட மாடிக்கு வந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீசில் அறுபது பேரை ஒரே பெட்டியில் இணைத்து, போட்டோக்களைக் கொட்டவிட்டு, கேன்டீனுக்கு அனுப்பினேன். விழவில்லை. போய்ப் பார்த்தால் ஒருத்தர் விடாமல் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டு, மறு கையால் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். போன் எங்கே தூங்கும்?

மார்ச் 20, வியாழன்

வாழை இலை போட்டுச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டேன். "டெஸ்ட்டுக்குப் பாயசம் எதுக்குங்க?" என்றார் கேசவமூர்த்தி சார். கை ஈரமாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். ரசத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனாலும் பாயசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லார் போனும் பையில். அப்படியும் விழவில்லை. கேன்டீன் பின்கட்டிடத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போனதும் பெட்டி எல்லாரையும் சுத்தமாகத் தலைமுழுகிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

கேன்டீனை நகர்த்த முடியாது, பெட்டியை நகர்த்தலாம் என்று எனக்குத் தோன்ற ஒரு முழு ராத்திரி ஆனது. இதைச் சொன்னால் தமயந்திகூடச் சிரிப்பாள். பெட்டியைப் பின்கட்டிட மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினேன். கேன்டீனில் ஒரே கோடு சிக்னல்.

ரசம் ஊற்றும்போது விழுந்தது. மணி 1.22.

படியிலேயே உட்கார்ந்து மணியைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

ஒரு தரம் விழுந்தால் எங்கள் தொழிலில் அது செல்லாது. மூன்று தரம் தொடர்ந்து விழ வேண்டும். ஆனால் ஒரு தரம் விழுந்தாலே சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. நம்பர் மாறியிருக்கும் என்று ஆசைப்பட்டேன். மாறவில்லை.

"யாரு பேசுதது?" பின்னால் சுவரில் துளை போடும் சத்தம். கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நான் செண்பா."

துளை போடும் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். "சொல்லு செண்பா."

"விழுந்துருச்சு ராஜண்ணே."

என்ன விழுந்தது என்று கேட்கவில்லை. "லேப்லயா?" என்றார்.

அன்றைக்கு மீட்டிங்கில் கேசவமூர்த்தி சார் கேட்ட அதே கேள்வி. பந்தி, ஒரு கோடு சிக்னல், தூங்கும் போன், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தூங்குத போனுக்குச் சேத்து வைக்க எடத்துல, சத்தம் கேட்டா கடிகாரத்தத் திருப்பி வைன்னு எழுதினது நான்தான். தப்பு என்னோடதுதான் செண்பா. ஆனா இருக்குன்னு சொன்னேம்லா."

"சொன்னீங்க. நான்தான் சொல்லல. அன்னைக்கு மீட்டிங்ல, என் கல்யாணத்துல பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

"உனக்கு அப்போ இருபத்தொன்பது வயசு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

"புதன்கிழமை மூணாவது தடவை. வருவீங்களா?"

"கடை இருக்கே... பாக்கேன்."

மார்ச் 24, திங்கள்

இரண்டாவது தரம் விழுந்தது. 1.19.

புதிதாக ஒரு புகார் எண் போட்டுக்கொள்ளலாம் என்றார் கேசவமூர்த்தி சார். "பழசை எதுக்குங்க கிளறணும்?"

"மூடினது நான் சார். தொறக்கிறதும் நானே தொறக்கிறேன்." 2014 புகாரைத் தேடி எடுத்துத் திறந்தேன். முதலில் பார்த்தவர்: இருதயராஜ். பார்த்த இடம்: கோவில்பட்டி, என் கல்யாணம். உடன் பார்த்தவர்: செண்பகவல்லி. தவறாக மூடியவர்: செண்பகவல்லி.

சார் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்தார். அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "நானும் அன்னைக்கு லேப்ல விழுந்துச்சான்னு மட்டும்தானுங்க கேட்டேன். எங்கயாச்சும் விழுந்துச்சான்னு கேக்கலீங்க" என்றார். புது மாடலை நிறுத்திவைக்க அவரே கடிதம் எழுதினார்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மா போனில்: "அந்தத் தம்பி வந்தா மொதப் பந்தியில உக்கார வை." ராஜண்ணனிடமிருந்து தகவல் இல்லை.

மார்ச் 26, புதன்

பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்றார். தலை முழுக்க நரை. கையில் துணிப்பை. விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது, இங்கேயே வேலை பார்த்தவர் என்று சொல்லக் காவலாளியிடம் வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

லேபில் என் மேஜையிலிருந்த பழைய போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பெரியத்தை இன்னும் இருக்காளா!"

"பேச்சுதான் கொறஞ்சுபோச்சு."

"வயசாவுதுல்லா."

மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப் போனேன். பெட்டியைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் அடியில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருஷம் முன்னால் பார்த்த அதே உட்காரல்.

"எந்திரிங்க ராஜண்ணே. இலை போட்டாச்சு."

"நீ போ. இது விழுதத நான் கண்ணால பாக்கணும்."

"எல்லாரும் இங்க உக்காந்து பாத்ததாலதான் இத்தனை வருஷம் தெரியல. நீங்க போனைப் பையில போட்டுக்கிட்டுச் சாப்பிடப் போனாத்தான் விழும். நான் காவல் இருக்கேன்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு போனைப் பெட்டியில் இணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார். முழங்கால் வலி போலிருக்கிறது. அவர் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

அறுபத்தொரு போன். ஒவ்வொன்றாகத் தூங்கியது. பட்டியலில் கடைசியாக அவருடையதும் தூங்கியது. கோடு இறங்க ஆரம்பித்தது. கீழே சிரிப்பும் கரண்டிச் சத்தமும் கேட்டன. 1.17க்குப் பச்சை விளக்கு அணைந்தது.

இறங்கி ஓடினேன். முதல் வரிசையில், கேசவமூர்த்தி சாருக்குப் பக்கத்து இலையில் இருந்தார். இலையில் பாயசம். கை பாதி வழியில் நின்றது.

"விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு ராஜண்ணே."

தலையைக் குனிந்துகொண்டார். கண்ணிலிருந்து சொட்டியது எனக்குத் தெரிந்தது. துடைக்க ஒரு கை சும்மாதான் இருந்தது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாயசம் இன்னொரு கரண்டி போடச் சொல்லு" என்றார். நானே வாளியை வாங்கி ஊற்றினேன். முழுக்கச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவ எழுந்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.